எங்கள் வரப்பில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு

எங்கள் வீட்டில் டிரோன் முதல் நாள் பறக்க மறுத்ததற்குக் காரணம், உபாதி என்று நாங்கள் சொல்லும் நூறு நாள் வேலையில் அம்மா மண் சுமக்கும் இரும்புச் சட்டி. மோட்டாருக்குள் தூசி போகக் கூடாது, சமதளத்தில் வைத்துத்தான் கிளப்ப வேண்டும் என்று நான் யூடியூபில் பார்த்த பாடங்கள் எல்லாம் சொல்லியிருந்தன. எங்கள் வாசலில் சமமாக இருந்த ஒரே இடம் கவிழ்த்துப் போட்ட அந்தச் சட்டியின் முதுகு. அதன் மேல் டிரோனை வைத்தேன். திரையில் சிவப்பில் ஓர் எச்சரிக்கை வந்தது. திசைகாட்டி குழம்பியிருக்கிறது, இரும்பை விட்டுத் தள்ளிப் போ என்று சொன்னது. நான் அதை மூன்று முறை படித்தேன்.

"என்னான்னுது?" என்று கேட்டாள் அம்மா.

"கீழ இரும்பு கீதாம். அதுக்கு வடக்கு எது தெற்கு எதுன்னு தெரியலயாம்."

"அந்தச் சட்டிய தலையில வெச்சிகினு நானு எத்தினி வருசமா நடக்கறேன். எனக்கு எல்லாம் தெரியுது. உன் குருவிக்குத் தெரியலயா?"

பழைய புடவையை மடித்துப் போட்டுப் பார்த்தேன். இறக்கை சுற்றியதும் முந்தானை எழுந்து வந்து சிக்கப் பார்த்தது. கடைசியில் கதவருகே கிடந்த கால் மிதியடிதான் சரிப்பட்டது. இன்றும் அதே மிதியடியிலிருந்துதான் கிளப்புகிறேன்.

எங்கள் ஊர் சித்தூரிலிருந்து வேலூர் போகும் வழியில், குடிபாலாவைத் தாண்டி உள்ளே தள்ளி இருக்கிறது. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, கல்லூரியில் இங்கிலீஷ். எங்கள் குடும்பத்தில் பத்தாவது வகுப்பின் வாசலைப் பார்த்த முதல் ஆள் நான். கல்லூரி முடித்த முதல் ஆளும் நானே. இதை நான் அடிக்கடி சொல்வதாக அம்மா குறைப்படுவாள். சொல்லாமல் இருக்க எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை.

அப்போது திருப்பதியில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் வடிவமைத்துக்கொண்டிருந்தேன். வாரம் ஆறு நாள் கம்ப்யூட்டர் முன்னால், மற்றவர்கள் எடுத்த படங்களில் மணப்பெண்ணின் முகத்தை வெளுப்பாக்கும் வேலை. பக்கத்து மேசையில் டிரோன் படங்கள் வந்து இறங்கும். மண்டபத்தின் மொட்டை மாடி, வாழை மரம் கட்டிய வாசல், நாற்காலிகளின் வரிசை. எனக்கு மணமக்களைவிட அந்த நாற்காலிகளின் மேல்தான் ஆர்வம். கீழே நடக்கும்போது தாறுமாறாகத் தெரியும் ஒரு கூட்டம் மேலிருந்து பார்த்தால் ஏன் இவ்வளவு ஒழுங்காகத் தெரிகிறது என்று யோசித்துக்கொண்டே இருப்பேன். ஆறு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கைமாறி வந்த ஒரு சின்ன டிரோனை வாங்கியது அந்த யோசனைக்கு விடை தேடித்தான். கையில் வைத்தால் தேங்காயைவிட லேசு. இரண்டு பேட்டரி. ஒரு பேட்டரிக்கு இருபத்தைந்து நிமிடம் என்று பெட்டியில் போட்டிருந்தது. எங்கள் ஊர்க் காற்றில் பதினெட்டு.

திருப்பதியில் அதை வெளியே எடுக்க வழியில்லை. டிரோனுக்குத் தடையுள்ள இடங்களைக் காட்டும் வரைபடத்தில் மலையைச் சுற்றிலும் சிவப்பு, ரேணிகுண்டா விமான நிலையத்தைச் சுற்றிலும் சிவப்பு. எங்கள் ஊர்ப்பக்கம் முழுவதும் பச்சை. அதனால் சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி ஊருக்கு வருவேன், ஞாயிறு காலை பறக்கவிடுவேன், மதியம் ஒரு மணி பஸ்ஸில் திரும்புவேன்.

ஒவ்வொரு ஞாயிறும் ஒரு புதுச் சங்கதி தெரிந்தது. பத்து மீட்டர் உயரத்தில் ஆளை ஆளாக அடையாளம் தெரியும். முப்பது மீட்டரில் நடையை வைத்துத்தான் சொல்ல முடியும். அறுபதுக்குப் போனால் அவர்கள் செய்யும் வேலை மட்டும் தெரியும். அங்கிருந்து பார்க்கையில் அம்மா அம்மா இல்லை, களை பறிக்கும் ஒரு புள்ளி. காலை வெயிலில் நேர் மேலிருந்து எடுத்தால் மனிதர்கள் பொட்டாகச் சுருங்கிவிடுகிறார்கள், அவர்களின் நிழல்தான் கை வீசி நடக்கிறது. குச்சியை வேகமாகத் தள்ளினால் படம் வெட்டிக்கொண்டு வருகிறது. குழம்புக் கரண்டியைத் தூக்குவது போல மெதுவாக எடுத்து மெதுவாக விட்டால்தான் பார்க்க முடிகிற படம் கிடைக்கிறது. இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன்.

ஸ்டுடியோவில் டிரோன்காரருக்கு உதவியாளராக இருந்தவர் ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டார். அந்த வாரமே முதலாளியிடம் போய் நான் வருகிறேன் என்றேன்.

"நுவ்வா? டிரோனா?" என்று தெலுங்கில் ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார். "ஆல்பத்துக்கு யாரு?"

"அதையும் செய்றேன் சார்."

"சரி, திங்கக்கிழமை காலைல ஒரு நிமிஷம் படம் கொண்டா. நீயே எடுத்தது. நடுவுல ஒரு கட் கூட இருக்கக் கூடாது. டவுன்லோட் பண்ணி ஏமாத்தினா எனக்குத் தெரிஞ்சிடும். வேற ரெண்டு பசங்க கேட்டுக்கினு இருக்காங்க, திங்கக்கிழமை மத்தியானம் முடிவு பண்ணிடுவேன்."

ஒரு நிமிடம். அது நன்றாக இருந்தால் வெளியே போகலாம். இல்லையென்றால் மணப்பெண்களின் முகத்தை வெளுத்துக்கொண்டு அந்த நாற்காலியிலேயே இருக்கலாம்.

இங்கேதான் என் படிப்பு எனக்கு ஒரு வேலை வைத்தது. பறக்கவிடுவதற்கு முன்னால் சுற்றியிருப்பவர்களுக்குத் தெரிவிப்பது நல்லது என்று படித்திருந்தேன். எங்கள் ஊருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. தண்ணீர் எப்போது வரும், ரேஷன் வண்டி எந்தத் தெருவில் நிற்கிறது என்பதெல்லாம் அதில்தான் வரும். வெள்ளிக்கிழமை மதியம் அதில் சுத்தமான தெலுங்கில் எழுதிப் போட்டேன். 'பிரஜலகு மனவி', அதாவது பொதுமக்களுக்கு வேண்டுகோள், என்று தலைப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி முதல் ஊரின் கிழக்குப் பக்க நிலங்களின் மேல் டிரோன் மூலம் படம் எடுக்கப்படும், அனைவரும் ஒத்துழைக்க வேண்டும். கீழே என் பெயரைப் போடவில்லை. அறிவிப்பில் பெயர் போட்டால் அழகாக இருக்காது என்று எனக்குப் பட்டது. எழுதியதை இரண்டு முறை படித்துப் பார்த்துப் பெருமைப்பட்டேன். எண்பது பேர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள்.

சனிக்கிழமை வேலை முடிய நேரமாகி, நான் ஊர் வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. ஞாயிறு காலை மிதியடியைத் தூக்கிக்கொண்டு எங்கள் நிலத்துக்குப் போனேன். கரண்ட் இல்லை, சாயங்காலம்தான் வரும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இரண்டு பேட்டரியும் நிறைந்திருந்தன, அதற்கு மேல் கிடையாது. பனி இன்னும் கலையவில்லை, காலடியில் எதையும் நான் கவனிக்கவில்லை. டிரோனை மேலே ஏற்றி, வேர்க்கடலைச் செடிகளை ஒட்டித் தாழ்வாகக் கொண்டுபோய், மெதுவாக உயர்த்தினேன். நாற்பது மீட்டர் போனதும் திரையைப் பார்த்து என் கை நின்றுவிட்டது.

நிலம் முழுவதும் வெள்ளைக் கோடுகள். ஒவ்வொரு வரப்பிலும் சுண்ணாம்பு. ஒருவர் கோலமாவு போட்டிருந்தார். இன்னொருவர் தன் கோடு டிரோனுக்குத் தனியாகத் தெரியட்டும் என்று சிவப்புக் கோலப்பொடியே போட்டிருந்தார்.

பக்கத்து ஊர்களில் அரசாங்கம் நிலத்தை மறுபடி அளந்தபோது டிரோன் பறந்தது. வரப்பில் சுண்ணாம்பு போட்டு வைத்தால் மேலிருந்து எல்லை தெரியும் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். எங்கள் ஊருக்கு இன்னும் முறை வரவில்லை, எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள். என் அறிவிப்பைப் படித்த ஊர், முறை வந்துவிட்டது என்று நினைத்துவிட்டது. ஆபீஸ் தெலுங்கில், பெயர் இல்லாமல், ஒத்துழைக்கச் சொல்லி வந்ததை வேறு எப்படிப் படிப்பார்கள்?

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு உற்றுப் பார்த்தேன். வரப்புக்கு ஒரு கோடு அல்ல, இரண்டு. இந்தப் பக்கத்துக்காரர் வரப்பைத் தாண்டி அந்தப் பக்கம் இரண்டடி தள்ளிப் போட்டிருந்தார். அந்தப் பக்கத்துக்காரர் அதே வரப்பைத் தாண்டி இந்தப் பக்கம் இரண்டடி தள்ளிப் போட்டிருந்தார். ஊர் முழுவதும் அப்படித்தான். தரையில் நின்றால் தெரியாது, மேலிருந்து பார்த்தால் தண்டவாளம் போல ஓடியது. எல்லோரும் சொல்வதைக் கூட்டினால் எங்கள் ஊர் இருப்பதைவிடப் பெரிய ஊர்.

டிரோனை மெதுவாக நகர்த்தினேன். வெயில் அப்போதுதான் பனிக்குள் இறங்கியது. ஜோடி ஜோடியாகக் கோடுகள் கீழே ஓட, படம் தானாக அமைந்தது. ஒரு நிமிடம் பத்து விநாடி. அதன் கடைசியில் எங்கள் நிலம் வந்தது. எங்கள் கிழக்கு வரப்பில் மட்டும் ஒரே ஒரு கோடு. அது வரப்பின் மேல் இல்லை. பக்கத்து நிலத்துக்குள் இருந்தது.

அது என் அத்தையின் நிலம். சொந்த அத்தை இல்லை. நைனாவை, என் அப்பாவை, அண்ணா என்று கூப்பிடுவார், அதனால் எனக்கு அத்தை. அவர் வீட்டுக்காரர் ஸ்ரீ சிட்டியில் அறை எடுத்துத் தங்கி வேலை செய்கிறார், மாதம் இரண்டு முறை வருவார். அத்தையிடம் இருப்பது பட்டன் போன், வாட்ஸ்அப் கிடையாது. வெள்ளிக்கிழமையே வேலூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தார். கோடு போட அவர் ஊரில் இல்லை.

டிரோனை இறக்கிவிட்டு நிமிர்ந்தால் நைனா நின்றுகொண்டிருந்தார். கையில் நிலத்தின் பட்டா பாஸ்புக். பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, சட்டைப் பையில் வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தார்.

"ஆபீசருங்க எங்கம்மா?"

"ஆபீசர் இல்ல நைனா. நான்தான். ஸ்டுடியோவுக்குப் படம்."

அவர் ரோட்டுப் பக்கம் ஒரு முறை பார்த்தார். "அப்ப அந்த மெசேஜி?"

"நான்தான் போட்டேன்."

"நல்லாதான் எழுதிகீற," என்றார். "சச்சிவாலயம் ஆபீசுல கூட அப்டி எழுத மாட்டாங்க."

நான் எடுத்ததைப் போனில் காட்டினேன். ஊரின் இரட்டைக் கோடுகளைப் பார்த்துத் தலையை ஆட்டினார், ஓரிடத்தில் லேசாகச் சிரித்தார். எங்கள் நிலம் வந்ததும் சிரிப்பு போய்விட்டது.

"அந்தப் படத்த அழிச்சிடு."

"நைனா, இதுதான் நாளைக்குக் காட்டணும். ஒரு நிமிசம் கேட்டாரு. இதவிட நல்லா எனக்கு வராது."

"மாந்தோப்புப் பக்கம் போயி எடு. பேட்டரி இன்னொண்ணு கீதில்ல? அங்க ஒரு கோடும் இல்ல."

"ஏன் நைனா அப்டி போட்ட?"

"எல்லாரும் ரெண்டடி போட்டாங்க. மேற்கால கீறவன் நம்மளுதுல போட்டுட்டான், போய்ப் பாரு. நானு ஒயுங்கா போட்டா நம்ம நெலம்தான கொறயும்? உங்க தாத்தனுக்கு நிக்க எடமில்ல. கவர்மென்டு குடுத்த ஒரு ஏக்கரா இருபது சென்டு. அதுல ரெண்டடி போனா யார கேக்கறது?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. மேற்கு வரப்பில் எங்கள் பக்கத்துக்குள் இரண்டடி சுண்ணாம்பு விழுந்திருந்தது. மேற்கில் போனதைக் கிழக்கில் பிடித்திருந்தார் என் நைனா. ஆனால் அத்தையின் நிலமும் அதே நாளில், அதே கவர்மென்டு கொடுத்ததுதான். அவர் வீட்டிலும் அதற்கு முன் யாருக்கும் நிற்க இடமில்லை.

மாந்தோப்புக்குப் போய்விடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். பூ விட்டிருந்தது, படம் நன்றாகவே வரும், யாருக்கும் எதுவும் தெரியாது. பேட்டரியை மாற்றிக்கூட ஆயிற்று. அதற்குள் ரோட்டில் முதல் பஸ் நின்று அத்தை இறங்கினார். வெள்ளைக் கோடுகளைத் தாண்டித் தாண்டி நேராக எங்களிடம் வந்தார்.

"இன்னா ணா, ஊரெல்லாம் கோலம்? நானு இல்லாத நேரம் பாத்துப் பண்டிக வெச்சிட்டீங்களா?"

நைனா என்னைப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன், என் அறிவிப்பு உட்பட. அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"எங்க நெலம் எப்டித் தெரியுது? காட்டு."

போனை நீட்டும்போது நைனா வரப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை படத்தை நிறுத்தச் சொன்னார். விரலால் பெரிதாக்கச் சொன்னார். கோட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நகத்தால் தொட்டுக்கொண்டே போனார்.

"ஏர் ஓட்டறப்பவே உங்க நைனாக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் சாயும்," என்றார் என்னிடம். "கை வலிக்குதோ என்னமோன்னு விட்டுட்டேன். சுண்ணாம்பு டப்பாவுக்கும் வலிக்குதா ணா?"

நைனாவின் கையில் பாஸ்புக் கவர் சலசலத்தது. "மேற்கால அவன் போட்டுட்டாம்மா."

"அவன் போட்டா அவன்கிட்ட கேளு. நானா போட்டேன்?"

எனக்கு ஒரு யோசனை வந்தது. நிலம் கொடுத்த நாளில் நட்ட எல்லைக் கல் இரண்டு முனையிலும் இருக்க வேண்டும். எங்கே என்று கேட்டேன். ஒன்று போர்வெல் ஷெட்டின் பின்னால் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். இன்னொன்றுக்குக் கொஞ்சம் தேட வேண்டியிருந்தது. எருக்கஞ்செடிக்குள் பாதி புதைந்து கிடந்ததை நைனாதான் காலால் தடவிக் கண்டுபிடித்தார். மேலிருந்து தெரிவதற்காக ஒரு கல்லின் மேல் அத்தை தன் சிவப்புக் குடத்தைக் கவிழ்த்தார். மற்றதன் மேல் நைனா தன் துண்டை விரித்துப் போட்டு மண்ணாங்கட்டி வைத்தார்.

இருந்த பேட்டரி அது ஒன்றுதான். மாந்தோப்புக்கு என்று வைத்தது.

டிரோனை ஐம்பது மீட்டர் ஏற்றி, கேமராவை நேர் கீழே திருப்பினேன். படத்தைப் பிரித்து அமைப்பதற்கென்று திரையில் கட்டங்கள் போட்டுக்கொள்ளலாம், கற்றுக்கொள்பவர்கள் முதலில் பழகுவது அதைத்தான். அதன் குறுக்குக் கோடு குடத்தையும் துண்டையும் தொடும்படி டிரோனைத் திருப்பி நிறுத்தினேன். பதிவு பொத்தானை அழுத்தினேன். அழுத்தும்போது எனக்குப் படம் வேண்டும் என்பதைவிட, நாளைக்கு யாரும் இந்தக் கோட்டை மறுத்துப் பேசக் கூடாது என்பதுதான் மனதில் இருந்தது.

பழைய கோட்டை நைனா மண்வெட்டியால் சுரண்டி எடுத்தார். பிறகு அவர் துண்டிலிருந்தும் அத்தை குடத்திலிருந்தும் சுண்ணாம்பு டப்பாவோடு ஆரம்பித்தார்கள்.

"நைனா, எடது கைப் பக்கம். இன்னும். போதும்."

"எங்கம்மா, நேராதான போறேன்?"

"நேரா இல்ல. வரப்பே அங்க வளஞ்சிகீது. வரப்ப பாக்காத, நான் சொல்றத கேளு."

"ஏண்ணா, பொண்ணு ஒசரத்துலருந்து பாக்குது, நீ தரையிலருந்து சண்ட போடறியா?" என்றார் அத்தை எதிர் முனையிலிருந்து.

காற்று எழ ஆரம்பித்தது. டிரோன் ஒரு பக்கமாக நழுவப் பார்க்கும், நான் மயிரிழை அளவு குச்சியைத் தள்ளிப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவேன். கட்டைவிரல் மரத்துப்போனது. நான் நகர்ந்தால் கோடு நகரும். கோடு நகர்ந்தால் யாரோ ஒருவர் நிலம் குறையும். அவ்வளவு நேரம் எதையும் நகர்த்தாமல் பிடித்திருப்பேன் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. இரண்டு புள்ளிகள் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி, நடுவில் இரண்டு வெள்ளை முனைகளும் தொட்டுக்கொண்டன. ஓரிடத்தில் அது வரப்பைவிட எங்கள் பக்கம் உள்ளே வந்திருந்தது, வேறோரிடத்தில் அத்தை பக்கம் போயிருந்தது. அதுவரை வரப்பு நேராக இருந்ததாக இருவருமே நம்பியிருந்தார்கள்.

பேட்டரி தீரப்போவதாக டிரோன் கத்தத் தொடங்கியதும் இறக்கினேன். பிறகு நைனாவின் கண் முன்னால் காலையில் எடுத்த படத்தை அழித்தேன். கோடு சரியான பிறகு அழிக்கலாம் என்பது என் கணக்கு. வாட்ஸ்அப் குழுவில், இது அளவை இல்லை, இந்த வீட்டுப் பெண் பழகுகிறாள் என்று பெயரோடு எழுதினேன். முதலில் வந்த பதில்: 'அப்போ எங்க ரெண்டு கிலோ சுண்ணாம்பு?'

திங்கட்கிழமை காலை முதலாளி பென்டிரைவை வாங்கிப் பெரிய திரையில் போட்டார். நேர் கீழே பார்க்கும் படம். கேமரா நகரவே இல்லை. இரண்டு புள்ளிகள் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரு வெள்ளைக் கோட்டை இழுத்துக்கொண்டு வருகின்றன, நிழல்கள் முன்னால் குனிகின்றன. கடைசி ஒரு நிமிடத்தை மட்டும் எடுத்திருந்தேன், அதில் கட் கிடையாது.

"ஏன் மூவ் பண்ணல?" என்றார்.

"பண்ணியிருந்தா கோடு தப்பாயிடும் சார்." என்ன கோடு என்று சொன்னேன்.

அவர் டிரோன்காரரைக் கூப்பிட்டு மறுபடி ஓடவிட்டார். டிரோன்காரர் கட்டைவிரலால் மேசையைத் தட்டிக்கொண்டே பார்த்தார். "காத்து எவ்ளோ இருந்தது?"

"எருக்கஞ்செடி ஆடிக்கினு இருந்தது."

"ம். ஓட்டறதுக்கு நெறைய பேரு வராங்க. நிறுத்தறதுக்குத்தான் யாரும் வர மாட்றாங்க," என்றார் அவர் முதலாளியிடம்.

மத்தியானம் முதலாளி ஆல்பம் மேசைக்கு வந்தார். "வியாழக்கிழமை பாகாலாவுல கல்யாணம். இப்போதைக்கு பேட்டரி மாத்தறது, எடம் பாக்கறது. ஓட்டறது அப்புறம். ட்ரெய்னிங் எடுத்து லைசென்ஸ் வாங்கிக்க. காலைல அஞ்சுக்கு வண்டி இங்கருந்து கெளம்பும்."

படிக்கட்டுக்குப் போய் நைனாவுக்கு போன் போட்டேன். வேலை கிடைத்தது என்று சொன்னேன். வியாழக்கிழமை, பாகாலா, ஐந்து மணி என்று சொன்னேன். எல்லாவற்றுக்கும் ம் கொட்டினார்.

"கோட்ட பாத்தாங்களா?" என்று கேட்டார்.

"பாத்தாங்க."

"நேராகீதுன்னாங்களா?"

"நேராதான் கீது நைனா."

"உங்க அத்த இங்கதான் நிக்குது," என்றார். "இரு, அதுகிட்ட சொல்லு."